நொச்சி லாத்தா

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் நான் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாம்பனில் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நானும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டேன். அவர் இல்லாத இடத்தில் என் வீட்டுக்காரர் வைத்த பெயர்தான் நொச்சி லாத்தா. தீவில் பேச்சுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். இரண்டே நாளில் அது அவர் காதுக்குப் போய்விட்டது. நான் வெட்கத்தில் நெளிந்தேன். அவரோ, "பேரு நல்லாத்தானே இருக்கு புள்ள, மீனு பேரா வச்சிட்டாரு?" என்று சிரித்துவிட்டு, போகிறபோக்கில் ஒரு கை நொச்சி இலையை என் அடுப்படியில் போட்டுவிட்டுப் போனார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் பாம்பன் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரயிலுக்குத் தடம் மாற்றிவிட்டுக் கொடி காட்டுகிற வேலை. எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் சீமையில் சிக்கல் என்கிற கிராமம். கம்பும் மிளகாயும் பார்த்து வளர்ந்தவளைக் கொண்டுபோய், நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்கிற இடத்தில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. சோற்றில் மணல், தலையில் மணல், காயப்போட்ட சேலையில் மணல். அதற்கு மேல் பக்கத்து வீட்டிலிருந்து இரவும் பகலும் நொச்சி வாசம்.

நொச்சி எனக்குப் புதிது இல்லை. எங்கள் ஊரில் கண்மாய்க் கரையிலும் காட்டு ஓடையிலும் கேட்பாரற்றுக் கிடக்கும். கூடை முடைகிறவர்கள் வெட்டிப் போவார்கள். மரம் என்றும் சொல்ல முடியாது, செடி என்றும் சொல்ல முடியாது. ஆளுயரத்துக்குச் சற்று மேலே வளர்ந்து, பிறகு தன் இஷ்டத்துக்குச் சாயும். ஒரு காம்பில் ஐந்து இலை, விரித்த கை மாதிரி, நடுவிரல்தான் நீளம். மேல் பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் சாம்பல் தடவிய வெளுப்பு. கடல்காற்று வீசும்போது லாத்தா வீட்டு வேலி முழுவதும் புரண்டு வெளுக்கும், காற்று ஓய்ந்தால் மறுபடி பச்சையாகும். பூ, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி ஊதா. ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். எதைக் கொடுத்தாலும் தின்கிற பாம்பன் ஆடே தொடாத இலையை இந்த அம்மாள் மனுஷர் தலையில் கட்டுகிறாரே என்று நான் நினைத்ததுண்டு.

அந்த வேலி அவர் வைத்தது. தொண்டிப் பக்கம் அவருக்குத் தாய்வீடு. கல்யாணமாகித் தோணியில் வந்தபோது, சீர்வரிசைப் பெட்டியோடு ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு கட்டு நொச்சிக் குச்சியும் வந்ததாம். மாமியார் வீட்டுப் பெண்கள் விறகு என்று நினைத்து அடுப்புப் பக்கம் போடப் போனார்களாம். "அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. இன்னைக்கு அவுக பேரப்புள்ளைகளுக்கு யாரு வேது பிடிக்கிறா?" என்பார். நொச்சி ஆவி பிடிப்பதைத்தான் வேது என்பார்கள். வெறும் மணலில் நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் ஊற்றி வளர்த்த வேலி. கடற்கரையில் தானாக முளைக்கிற மூன்று இலை நொச்சி ஒன்று உண்டு, நீர்நொச்சி என்பார்கள். அதை அவர் சீந்த மாட்டார். "அதுவும் மருந்துதான். ஆனா என் கையி அஞ்சுலதான் பழகிருக்கு" என்பார்.

அவரிடம் நோய் என்று எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். காய்ச்சலா, நொச்சி. தலையில் நீர் கோத்துக்கொண்டதா, நொச்சி. முட்டி வீங்கியதா, இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம். பிள்ளை பெற்ற உடம்பா, நொச்சி போட்டுக் காய்ச்சின வெந்நீர். கொசுவா, காய்ந்த இலையில் புகை. அரிசியில் வண்டா, பானைக்குள் ஒரு கொத்து. ஒருநாள் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாய்த்தகராறு முற்றி, தெருவுக்கே கேட்டுவிட்டது. மறுநாள் காலையில் நொச்சி இலை அடைத்த தலையணை ஒன்று வேலிக்கு மேலாக வந்தது. "தலையில சூடு ஏறுனா வாயில சூடு வரும் புள்ள. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் படுங்க."

அவருடைய கணவருக்குக் கொழும்பில் வியாபாரம். வருஷத்துக்கு ஒரு தரம் கப்பலில் வந்து இறங்கும்போது டப்பா டப்பாவாகத் தலைவலித் தைலம் கொண்டுவருவார். லாத்தா அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்துவிட்டு, காலி டப்பாவில் நொச்சிப் பொடி போட்டு வைத்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் நக்கல் பேர்வழி. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. டாக்டரு இல்லாத தீவுக்கு நொச்சி லாத்தா" என்பார். அவர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதை லாத்தா பார்த்திருக்கிறார். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று வேலிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

குரல் மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. லாத்தா வெளியே வருவது அபூர்வம். வந்தால் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்தித்தான் வருவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாக என் அடுப்படி வரைக்கும் வந்து போவார். என் வீட்டுக்காரர் இருந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவார். ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். அத்தனை வருஷத்தில் அவர் அங்கே போனது விரல்விட்டு எண்ணுகிற மாதிரிதான் இருக்கும், அதுவும் வீட்டு ஆண்களோடு.

மருந்து கொடுப்பதிலும் அவருக்கென்று சில கட்டாயங்கள் இருந்தன. அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லாமல் இலை பறிக்க மாட்டார். பொழுது சாய்ந்துவிட்டால் செடியில் கைவைக்க மாட்டார். "அதும் கண்ண மூடணுமில்ல." யாராவது குணமாகி வந்து உங்கள் கை ராசி என்று சொல்லிவிட்டால் முகம் கடுகடுத்துவிடும். "நோவு தீர்ற ஷிபாவக் குடுக்குறவன் அல்லா. நொச்சி சும்மா தபால்காரன். கொண்டாந்து குடுத்துட்டுப் போயிரும், அம்புட்டுத்தான்."

இவ்வளவு நக்கல் பேசிய என் வீட்டுக்காரரே அந்தத் தபால்காரனிடம் சரணடைந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அவருக்குத் தலை பிளந்துபோகிற வலி. மூக்கு அடைத்து, கண் சிவந்து, இரண்டு நாள் கொடி பிடிக்கக்கூட முடியவில்லை. வேறு வழியில்லாமல், "சரி, அந்த நாத்தத்தத்தான் காட்டேன்" என்றார். வேது பிடிக்கிற முறையை நான் வேலிச் சந்தில் நின்று பார்த்திருக்கிறேன். பானையில் நொச்சி போட்டுக் கொதிக்கவைத்து, ஆளை மேலே கம்பளியால் மூடி, ஆவி குறையும்போது பழுக்கச் சுட்ட கல்லை உள்ளே போட வேண்டும். இதற்குப் போய் லாத்தாவைக் கூப்பிடுவானேன் என்று ஒரு ரோஷம். நானே செய்தேன்.

கல்லில்தான் வினை. பாம்பனில் அந்தக் காலத்துச் சுவர்கள் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. கொல்லையில் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் கிடக்கும். எனக்கு எல்லாக் கல்லும் கல்தான். அழகாக ஒன்றைப் பொறுக்கி, காலையிலிருந்து கரி நெருப்புக்குள் புதைத்து, ஊதி ஊதிப் பழுக்க வைத்து, கம்பளிக்குள் இவர் தலையைக் கவிழ்த்திருந்தபோது பானைக்குள் போட்டேன்.

பானை சீறியது. தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, நுரைத்துப் பொங்கி, தரையில் வழிந்தது. இவர் கம்பளியோடு எழுந்து, "என்னைக் கொல்லப் பாக்குறாடோய்!" என்று அலறிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். சத்தம் கேட்டு லாத்தா சந்து வழியாக எட்டிப் பார்த்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"வேது பிடிக்கச் சொன்னா வெத்தலைக்குச் சுண்ணாம்பு காச்சிருக்கியே புள்ள! கடல் கல்லச் சுட்டா சுண்ணாம்பாகுமுன்னு இங்கன பால்குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

நல்லவேளை, கண்ணில் தெறிக்கவில்லை. லாத்தா தன் வீட்டிலிருந்து பாதிச் செங்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மறுபடி செய்தேன். அன்று மத்தியானம் இவர் வியர்த்துக் கொட்டி, மூக்கு திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்தவர் அன்றிலிருந்து நொச்சி பக்தராகிவிட்டார். ஸ்டேஷனில் யார் தும்மினாலும், "எங்க வீட்டுப் பக்கம் வாங்க, ஒரு வேது பிடிச்சிருவோம்" என்பார். புதிதாக மதம் மாறினவருக்குத்தான் பக்தி அதிகம் என்று நான் முணுமுணுத்துக்கொள்வேன். ஆனால் நானும் மாறித்தான் இருந்தேன். அரிசிப்பானையில் நொச்சி, தலையணையில் நொச்சி. அந்த வாசம் எனக்கு உறைக்காமலே போயிருந்தது.

எங்கள் வீட்டில் மாறாதவள் என் மகள் மட்டும். அப்போது அவளுக்கு மூன்று வயது. வேது என்றால் போதும், பானை அடுப்பில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள். என்ன குரல்! தெருமுனை டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். லாத்தா அவளுக்கு வைத்த பெயர் 'ரயிலு'. "பாலத்துக்கு அங்கிட்டு மண்டபத்துல நிக்கிறவனுக்குக் கேக்கும் புள்ள, உன் ரயிலு ஊதுறது" என்பார். சில நாள் அவள் அழவில்லையென்றால், "இன்னைக்கு ரயிலு லேட்டா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்பார்.

ஒரு பங்குனி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சலும் இல்லை. சோறு இறங்கவில்லை என்றாள். கழுத்து கொஞ்சம் வீங்கியிருந்தது. சளிதான் என்று கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தேன். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கும் மறுநாள் குரலே இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த இவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சோற்றில் கைவைக்காமல் வேலிக்குப் போய் நொச்சியை ஒடித்துக்கொண்டு வந்தார். நான் செங்கல்லைச் சுடப் போட்டேன். நாங்கள்தான் தேர்ந்துவிட்டோமே, லாத்தாவை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? பானை கொதித்தது. நான் கம்பளியை உதறி எடுத்தேன். பிள்ளை சுவரோரம் சாய்ந்து பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. சமத்தாக இருக்கிறாளே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

வேலிச் சந்தில் காலடி கேட்டது.

"என்ன புள்ள, நொச்சி வாசம் தூக்குது, ரயிலு சத்தத்தையே காணோம்?"

"தொண்ட கட்டிருக்கு லாத்தா. வேது பிடிக்கப்போறோம்."

அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. இவர் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் உள்ளே வந்துவிட்டார். பிள்ளையை மடியில் போட்டு, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, தாடையை அமுக்கி வாயைத் திறந்து பார்த்தார். வாய் அருகே மூக்கைக் கொண்டுபோனார். பிறகு நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். அப்போதுதான் எனக்கும் கேட்டது. பிள்ளை இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் ஈரக்கட்டையில் ரம்பம் போடுகிற மாதிரி வந்தது.

"வேது வேணாம்" என்றார் லாத்தா.

நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம். வேணாம் என்று அவர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எலை பத்தாதா லாத்தா? இன்னும் ரெண்டு கொப்பு ஒடிச்சிட்டு வாரேன்" என்றார் இவர்.

"எலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். தொண்டைக்குள்ள வெள்ளையாத் தோலு கட்டிருக்கு. தொண்டியில எங்க லாத்தா மவனுக்கு இதே சத்தந்தான் கேட்டுச்சு. பொழுதுக்கும் வேது பிடிச்சோம். புள்ள தங்கல." என்றவர் இவர் பக்கம் திரும்பினார். "ராம்நாட்டுக்கு வண்டி எப்ப?"

"தனுஷ்கோடியிலருந்து வண்டி இப்ப வர்ற நேரந்தான்."

அன்றைக்கு அதை விட்டால் அடுத்த வண்டி ராத்திரிக்குத்தான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஒரு தடவ வேது பிடிச்சுப் பாத்துருவோம் லாத்தா. கேக்கலன்னா ராத்திரி வண்டிக்குப் போறோம். பானை கொதிச்சிருச்சு." ஆஸ்பத்திரி என்றால் எனக்கு அவ்வளவு பயம். நொச்சி மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எனக்குள் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தவரே அவர்தான்.

லாத்தா பிள்ளையோடு எழுந்தார். காலால் பானையை எட்டி உதைத்தார். கொதிநீர் அடுப்படியெங்கும் ஓடி, நெருப்பு அணைந்து, வீடு முழுக்க நொச்சி ஆவி எழும்பியது. இலைகள் தரையில் அப்பிக் கிடந்தன.

"மூக்கடைச்சா நொச்சி. மேலு வலிச்சா நொச்சி. மூச்சே அடைச்சா நொச்சி என்ன பண்ணும்? கதவு பூட்டிக் கெடக்குற வீட்டுக்குத் தபால்காரன் வந்து என்ன பண்ணுவான்? எந்திரி புள்ள!"

தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. இவர் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். அந்த வண்டிக்கே அவர்தான் தடம் விட வேண்டும். நான் கம்பளியும் கையுமாக இருந்த இடத்திலேயே இருந்தேன். லாத்தா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். துப்பட்டி அவர் வீட்டில் கொடியில் கிடந்தது. போய் எடுத்து வர நேரம் இல்லை. என் கையிலிருந்த வேதுக் கம்பளியைப் பிடுங்கி, தலையோடு தன்னையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அந்த அம்மாள் தெருவில் ஓடி அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

வண்டி நகரும்போது இவர் தண்டவாளத்தோரம் பச்சைக் கொடியோடு நின்றார். கொடி பிடித்த கை நேராக இருந்தது, முகம்தான் பார்க்க முடியவில்லை. பாலத்தில் ரயில் ஓடாது, நடக்கும். கீழே தண்ணீர், மேலே நாங்கள். எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். லாத்தா கம்பளிக்குள் ஓதிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தரம் பிள்ளையின் உதடு நீலம் பூத்தது. லாத்தா அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, "ஊது ரயிலு, ஊது" என்று காதில் சொன்னார். பிள்ளை கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டையைப் பார்த்தவுடனே நர்ஸைக் கூப்பிட்ட வேகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. தொண்டை அடைப்பான் என்றார். ஊசி போட்டார்கள். ராத்திரி வண்டிக்கு வந்திருந்தால் ஊசியால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது என்று பிறகு சொன்னார். விடிகிற நேரத்தில் ரம்பச் சத்தம் குறைந்தது. பிள்ளை தூங்கினாள், நான் உட்கார்ந்தபடியே அழுதேன்.

காலை வண்டியில் என் வீட்டுக்காரரும், லாத்தாவுடைய கணவரின் அண்ணனும் வந்தார்கள். எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. துப்பட்டி இல்லாமல், ஆண் துணை இல்லாமல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஊர் பார்க்க ஓடிவந்த பெண்பிள்ளையை அவர் என்ன சொல்வாரோ? லாத்தாவும் தலைகுனிந்து நின்றார். பெரியவர் ஒரு பையை நீட்டினார். மடித்த வெள்ளைத் துப்பட்டி, அதன் மேல் ஒரு தூக்குச் சட்டி.

"கொடியிலயே விட்டுட்டு வந்துட்டியேம்மா. இடியாப்பம் இருக்கு, சாப்பிடுங்க. புள்ள எப்புடி இருக்கு?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லாத்தா அன்றே ஊர் திரும்பினார். நாங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம். பிள்ளை தேறினாள். ஆனால் குரல் மட்டும் வரவில்லை. காற்று மாதிரி பேசினாள். கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று டாக்டர் சொன்னார். வராமலே போய்விடுமோ என்கிற பயத்தை நான் இவரிடம்கூடச் சொல்லவில்லை.

வீடு திரும்பிய அன்று வாசலில் நொச்சி வாசம் எதிர்கொண்டது. கொல்லையில் லாத்தா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அண்டா நிறைய வெந்நீரோடு நின்றுகொண்டிருந்தார். இலை மிதந்தது.

"வேணாமுன்னு பானைய ஒதைச்சீகளே லாத்தா" என்றேன்.

"அன்னைக்கு வேணாம். இன்னைக்கு வேணும். காச்ச விட்ட ஒடம்புக்கு முதத் தண்ணி இதுதான். கொண்டா அந்தப் புள்ளைய."

பிள்ளை அண்டாவைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். லாத்தாவின் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். முகம் கோணியது, உதடு பிதுங்கியது. முதல் செம்பு தலையில் விழுந்ததும் வாய் திறந்தது. முதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாவது செம்புக்கு ஒரு கீறல் சத்தம். மூன்றாவது செம்புக்கு வந்தது பாருங்கள், அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, தொண்டை முழுசாகத் திறந்து, டீக்கடைவரைக்கும் போகிற பழைய கத்தல்.

நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு அலறினாள். பாவமாக இருக்கிறதே என்று நான் கை நீட்டினேன். லாத்தா என் கையைத் தட்டிவிட்டார். அவர் கன்னத்தில் வழிந்தது வெந்நீரா வேறென்னவா என்று தெரியவில்லை. அடுத்த செம்பை முகந்துகொண்டே சொன்னார்:

"விடு புள்ள. ஊதட்டும்."